நான் தேர்ந்தெடுத்த ஐந்து பெயர்கள்

செந்திலுக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு படியாக எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்றைச் சங்கத்தில் கொடுத்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிவிட்டேன். அதனால் உனக்கு முன்பே நாலு பேர் இதைப் படித்திருக்கலாம். அதற்காக வருத்தப்படாதே. நீ பெங்களூரில் வேலையை ஒப்படைத்துவிட்டு வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். இரண்டு தடவையும் “சாப்பிட்டியாப்பா” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பேச்சில் நான் கெட்டிக்காரி. பேசினால் எங்கேயாவது ஓர் இடத்தில் எனக்குச் சாதகமாக வளைத்துக்கொள்வேன். எழுதினால் எழுதியது அப்படியே நிற்கும்.

மூன்று வாரத்துக்கு முன்னால், நீ கிளம்பப்போகிறாய் என்று உன் நண்பர்களையும் சித்தப்பா குடும்பத்தையும் ஸ்ரீரங்கத்து வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோமே, அன்றைக்கு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. உன் நண்பன் ஒருவன், “மீன் எண்ணுற வேலைக்கா அமெரிக்கா போற? அத இங்கயே எண்ணலாமேடா” என்று கிண்டல் செய்தான். நீ கோபப்படாமல் விளக்கினாய். சால்மன் மீன் கடலிலிருந்து தான் பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்பி வரும். அது ஏறிவரும் வழியில் வலையால் பெரிய கூண்டு கட்டியிருப்பார்கள். மீன் உயிரோடு உள்ளே வந்து நிற்கும். பண்ணையில் பொரித்து விட்ட மீனுக்கு முதுகில் ஒரு சின்னத் துடுப்பை வெட்டியிருப்பார்கள், அதை மட்டும் எடுக்கலாம், ஆற்றில் தானாகப் பிறந்ததைத் திறந்து விட்டுவிட வேண்டும். அந்தப் பருவத்துக்கு இத்தனை மீன் என்று ஓர் அளவு உண்டு. அளவு முடிந்ததும் கூண்டின் வாயை மூடச் சொல்வதுதான் உன் வேலை. “நான் நிறுத்துன்னா நிறுத்தணும். நான் எழுதுறதுதான் கணக்கு,” என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, “எங்க அம்மா மீனவர் சங்கத்துல பதினஞ்சு வருஷம் மீன் நிறுத்து எழுதுனவங்க. ஒரு கிலோ கூட கூட்டியோ குறைச்சோ எழுதுனதில்ல. அதான் எனக்கும் வந்திருக்கு,” என்று சொன்னாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரசம் எடுத்து வருகிறேன் என்று அடுக்களைக்குள் போனேன். ரசம் ஏற்கெனவே பந்தியில்தான் இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றேன்.

நீ சொன்னது பொய், செந்தில். உனக்குத் தெரியாமல் சொன்ன பொய். அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

உன் அப்பா போனபோது நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு வர வேண்டிய பணத்துக்காக, அவரோடு பள்ளிக்கூட நாளிலிருந்து பழகிய ஒருவர் நமக்காக அலைந்தார். நீ “தலைவர் மாமா” என்று கூப்பிடுவாயே, அவர்தான். ஆற்றுக் கதவணைக்குப் பக்கத்தில் இருந்த மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அவர் தலைவர். நான் பி.காம். படித்திருந்தேன், டைப்பிங் தெரியும். அவர் என்னைச் சங்கச் செயலாளர் ஆக்கினார். மீனைத் தொட்டுச் சமைத்திருக்கிறேனே தவிர, வலையும் பறியும் எனக்கு என்ன தெரியும்? மூங்கிலில் பின்னிய அந்தக் கூண்டுக்குப் பறி என்று பெயர் என்பதையே அங்கேதான் தெரிந்துகொண்டேன். மீன் உள்ளே போகலாம், திரும்பி வர முடியாது. அப்படி ஒரு வாய் அதற்கு.

சங்கத்தில் கட்டுப்பாடுகள் கடுமையாகத்தான் இருந்தன. முன்பு ஒரு காலத்தில் அவரவர் இஷ்டத்துக்குப் பிடித்து ஆறு வெறுமையாகிப் போனதால், உறுப்பினர்களே கூடிப் போட்ட விதிகள் அவை. ஆளுக்கு ஆறு பறி. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ, ஒரு பருவத்துக்கு இத்தனை கிலோ. மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வந்ததும் மீன் சினையோடு எதிர்த்து ஏறும். ஏத்து மீன் என்பார்கள். அது வந்து கதவணையின் ஷட்டருக்குக் கீழே முட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் கையால் அள்ளலாம், அவ்வளவு சுலபம். அதனால் புதுத் தண்ணீர் வந்து இருபத்தொரு நாள் ஷட்டருக்குக் கீழே யாரும் எதுவும் போடக்கூடாது. காலையில் பறி தூக்கி வந்த மீனைப் பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள் என் ஷெட்டில் நிறுத்து, யார் எவ்வளவு கொண்டுவந்தார் என்று நான் எழுத வேண்டும். வியாபாரியின் வண்டி இரண்டு மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போகும். ஒருவர் பெயரில் பருவ அளவு முடிந்துவிட்டால், “இனிமே அடுத்த வருஷந்தான்” என்று சொல்வதும் என் வேலை. நீ இப்போது செய்யப்போவதும் இதுதான். மீன்தான் வேறே.

நீ பத்தாவது படிக்கும்போது உனக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து தகவல் வந்தபோது நான் ஷெட்டில் இருந்தேன். தலைவர் தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு வந்து, உன்னைத் தில்லைநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டாக்டரிடம் தானே பேசி, ஆபரேஷன் முடிகிற வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நான் மனசுக்குள் ஒரு சத்தியம் செய்தேன். இவர் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது என்று. நன்றி நல்ல குணம்தான். ஆனால் என்ன கேட்டாலும் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தேனே, அங்கேதான் தவறினேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. நானாகக் கொடுத்தேன்.

நீ கல்லூரியில் கடைசி வருஷம் படித்த அந்த வருஷம் புதுத் தண்ணீர் தாமதமாக வந்தது. வந்த நாலாம் நாள் தலைவர் ஷட்டருக்குக் கீழே மூங்கில் தட்டியும் வலையுமாக ஆற்றின் பாதி அகலத்துக்கு ஓர் அடைப்பு போட்டார். ஏறிவந்த மீன் திரும்ப வழியில்லாமல் ஒரே வாய் வழியாக உள்ளே போயிற்று. டெம்போவில் ஏற்றி என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வாளையும் சேல் கெண்டையும். ஒரு வாளையைத் தூக்கித் தராசில் போட்டபோது அதன் வயிற்றிலிருந்து முட்டை வழிந்து தட்டில் ஒட்டிக்கொண்டது.

“தலைவரே, இருபத்தொரு நாள் ஆகலையே,” என்றேன்.

“இந்த வருஷம் தண்ணி எத்தனை நாளைக்கு நிக்கும்னு யாருக்குத் தெரியும்? நாம எடுக்கலன்னா அக்கரைக்காரன் எடுத்துட்டுப் போவான்,” என்றார். “ஒரு வாரந்தான். இப்ப எழுதாதீங்க. தடை முடிஞ்ச பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு எழுதிடுங்க.”

“யார் பேர்ல எழுதுறது?”

“அது நீங்க பாத்துக்குங்க.”

அவ்வளவுதான் நடந்த பேச்சு. அவர் மிரட்டவில்லை. வேலையை எடுத்துவிடுவேன் என்று சொல்லவில்லை. ஒரு பைசா கொடுக்கவும் இல்லை, நான் வாங்கவும் இல்லை. காசு வாங்கவில்லையே என்பதைத்தான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சமாதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். காசுக்கு விற்றவளைவிட நான் மேல் என்று. இப்போது யோசித்தால் அப்படித் தோன்றவில்லை. காசு வாங்கியவளுக்காவது அதை எதற்காகச் செய்தோம் என்று தெரியும்.

யார் பெயரில் எழுதுவது என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உறுப்பினர் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் யார், தெரிந்தாலும் எதிர்த்துக் கேட்காதவர்கள் யார் என்று பார்த்தேன். ஐந்து பேர் கிடைத்தார்கள். அதில் ஒருவர் பழனியாண்டி அண்ணன். இன்னொருவர், புருஷன் இறந்த பிறகு அவர் இடத்தில் உறுப்பினரான குப்பம்மாள். அந்த ஐந்து பெயர்களுக்கு நேராக, தடை முடிந்த தேதிகளில், தலைவர் பிடித்த மீனை ஏழு கிலோ எட்டு கிலோவாகப் பிரித்து எழுதினேன். நான் எழுதிய பக்கங்களிலேயே எழுத்து அழகாக இருப்பது அந்தப் பக்கங்கள்தான்.

புரட்டாசி பிறந்தபோது அந்த ஐந்து பேரின் பருவ அளவும் நோட்டில் முடிந்துபோயிற்று. ஆற்றில் முடியவில்லை. நோட்டில்தான். பழனியாண்டி அண்ணன் இரண்டு வாளையோடு ஷெட்டுக்கு வந்தபோது, “அண்ணே, உங்க அளவு முடிஞ்சிடுச்சுங்க. நிறுக்க முடியாது,” என்று சொன்னேன்.

“முடிஞ்சிடுச்சா? நான் போட்டதே நாலு பறிதானம்மா. இந்த வருஷம் சரியா மீனே விழலயே.”

“நோட்டுல அப்படித்தான் இருக்கு.”

அவர் குனிந்து அந்த நோட்டைப் பார்த்தார். “எனக்கு எழுத்து தெரியாதும்மா. ஆனா நான் புடிச்ச மீன் எனக்குத் தெரியாதா?” என்று கேட்டார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். குப்பம்மாளிடமும் இதையேதான் சொன்னேன். அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து சித்தாள் வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

பழனியாண்டி அண்ணனின் மகன் கார்த்தி உன் வகுப்பு. முதல் வருஷத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சேர்ந்து பஸ் ஏறி, சேர்ந்து திரும்பியவர்கள் நீங்கள். நம் வீட்டில் அவனுக்கென்று ஒரு தட்டே இருந்தது. நோட்டைப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு என்று அப்பாவுக்காக அவன் வந்து கேட்டான். காட்டினேன். தன் அப்பா பெயர் இருந்த வரிகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனான். அடுத்த பொதுக்கூட்டத்தில் பழனியாண்டி அண்ணன் எழுந்து நின்றார். எழுதியிருந்த தேதிகளில் ஒரு புதன்கிழமையைச் சொல்லி, அன்றைக்குத் தன் மனைவிக்குப் புத்தூரில் கண் ஆபரேஷன், காலையிலிருந்து சாயங்காலம் வரை தான் ஆஸ்பத்திரியை விட்டு நகரவே இல்லை, பிறகு எப்படித் தான் மீன் கொண்டுவந்து நிறுத்திருக்க முடியும் என்று கேட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டையும் கையில் வைத்திருந்தார்.

தலைவர் என்னைப் பார்த்தார். “என்னம்மா, நோட்டுல இருக்கறது சரிதானா?”

கூட்டத்தில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கொடுக்கப்பட்டது, செந்தில். தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். ஏன் என்று பிறகு சொல்லியிருக்கலாம். நான், “சரிதாங்க. அவர் வரல. அவர் பையன் கார்த்திதான் கொண்டுவந்து நிறுத்துட்டுப் போனாப்ல,” என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. அந்த இன்னொன்றுக்கு உன் நண்பனை இழுத்தேன். பொய்ப் புகார் கொண்டுவந்தார் என்று பழனியாண்டி அண்ணனை இரண்டு வருஷம் சங்கத்திலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவருடைய நாலு பறியையும் தண்ணீரிலிருந்து எடுத்துக் கரையில் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாய். “கார்த்தி அந்தப் புதன்கிழமை ஷெட்டுக்கு வந்தானாம்மா? அவன் என்னோட லேப்ல இருந்தேங்கிறான். பத்துலேருந்து ஒண்ணு வரைக்கும் பிராக்டிகல்ங்கிறான்.”

“வந்தான்பா,” என்றேன்.

“எனக்கும் லேப்ல இருந்த மாதிரிதான் ஞாபகம்.”

“நீ வேற ஏதோ புதன்கிழமைய நெனைக்கிற. நான் கண்ணால பாத்தேன், சொல்றேன்ல?”

“சரிம்மா. அப்ப எனக்குத்தான் ஞாபகம் தப்பு,” என்றாய். உன் ஞாபகத்தை நீ என் காலடியில் வைத்தாய். நான் அதை மிதித்தேன். மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில், “உங்கம்மா பொய் சொல்றாங்கடா, அன்னைக்கு நீதானடா என் பக்கத்துல இருந்த?” என்று கார்த்தி கேட்டபோது, “எனக்கு ஞாபகம் இல்ல” என்று சொல்லி நீ அவனை அறைந்தாய். நாலு பேர் பார்க்க. வீட்டுக்கு வந்து கை வீங்கியிருப்பதைக் காட்டி, “எங்கம்மாவப் பத்தி எவன் பேசுனாலும் இதான்,” என்றாய். நான் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி உன் கையில் வைத்து ஒத்தடம் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கார்த்தி இரண்டு மாதம் கல்லூரிக்கு வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் இன்றுவரை பேசியதில்லை. அந்த வருஷத்தோடு அவர்கள் குடும்பம் துறையூர்ப் பக்கம் போய்விட்டது.

ஆற்றில் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். இது உன் வேலைக்கு உதவும். அடுத்த பருவத்துக்கு அளவு நிர்ணயிக்க வந்த மீன்துறை அதிகாரி என் நோட்டைத்தான் பார்த்தார். தடை நாட்களில் ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை, தடை முடிந்ததும் நல்ல விளைச்சல் என்று அது சொல்லிற்று. “நல்லா வச்சிருக்கீங்கம்மா,” என்று பாராட்டிவிட்டு ஆளுக்கு அளவைக் கூட்டிக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை. அவர் கையில் இருந்தது அதுதான். முட்டையிட வேண்டிய மீனை முதல் வருஷம் எடுத்தோம், அதன் பேரில் பொய்யாக ஓர் அளவு போட்டு இரண்டாம் வருஷம் இன்னும் எடுத்தோம். மூன்றாம் வருஷம் ஏத்து மீனில் வாளையைக் காணோம். மணல் அள்ளினார்கள், தண்ணீர் சரியாக வரவில்லை என்று ஆயிரம் காரணம் சொன்னார்கள். அவையும் உண்மைதான். என் காரணத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை, அது எனக்கு மட்டும்தான் தெரியும். அங்கே உன்னிடம் யாராவது, இன்றைக்கு இருபது மீன் கூடிவிட்டது, நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்பார்கள். கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். உனக்குக் குளிருக்குக் கம்பளி கொடுத்தவர்களாக, வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டவர்களாக இருப்பார்கள். அந்த நன்றியை வேறு எந்த வழியிலாவது தீர்த்துக்கொள். எழுதுகிற கையை அதற்குக் கொடுக்காதே.

தலைவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவர் இருந்தவரை எனக்கு வாய் திறக்கவில்லை, அவர் போன பிறகும் மூன்று வருஷம் திறக்கவில்லை. நீ அன்றைக்குப் பந்தியில் அப்படிப் பேசியிராவிட்டால் இன்னமும் திறந்திருக்க மாட்டேன். அதனால் இதைத் தைரியம் என்று நினைத்துவிடாதே.

அந்த விருந்து நடந்த மூன்றாம் நாள் துறையூர் பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனேன். பழனியாண்டி அண்ணன் ஒருவருடைய மீன் குட்டைக்குத் தீவனம் போட்டுப் பார்த்துக்கொள்கிறார். கார்த்தி பம்ப்செட் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வாசலில் நின்ற என்னை அவர் மனைவிதான் முதலில் பார்த்தார். “வாங்க” என்று சொன்னார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அண்ணன் வந்து ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும்மா,” என்றார் அவர்.

“எப்ப தெரியும் அண்ணே?”

“அன்னைக்கு நீங்க சொல்லும்போதே தெரியும். என்னைப் பாக்காம மேல ஃபேனப் பாத்துல்ல சொன்னீங்க.”

அவர் மனைவி உள்ளேயிருந்தே பேசினார். “கண்ணக் கட்டிப் படுக்க வச்சிருந்தாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல, பயமா இருந்துச்சு. இவரு என் கையப் புடிச்சிக்கிட்டு எழுந்திரிக்கவே இல்ல. கூட்டத்துல அந்த நாளையே பொய்யாக்கிட்டீங்க.”

மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். “நான் மன்னிக்கிறதுக்கு என்னம்மா இருக்கு? எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா உங்க மனசு ஆறும். எங்க பேரு ஆறாது. எந்தக் கூட்டத்துல சொன்னீங்களோ அதே கூட்டத்துல சொல்லுங்க. அஞ்சு பேரையும் சேத்துச் சொல்லுங்க.”

கிளம்பும்போது கார்த்தி கடையிலிருந்து வந்தான். கையெல்லாம் கிரீஸ். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “செந்திலுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டான்.

“இன்னும் சொல்லலப்பா.”

“அவன்கிட்ட சொல்லுங்க. அவன் அடிச்சது எனக்குப் பெருசா இல்ல. பக்கத்துல இருந்தவன ஞாபகம் இல்லன்னு சொன்னான் பாருங்க, அதுதான்,” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.

போன சனிக்கிழமை சங்கத்தின் பொதுக்கூட்டம். இப்போதைய செயலாளர் கவிதா என்ற சின்னப் பெண். எனக்குப் பிறகு வந்தவள். எனக்கு ஐந்து நிமிஷம் வேண்டும் என்று கேட்டேன். என்னைக் கௌரவிக்கிற மாதிரி முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். எழுந்து நின்று, தடை நாளில் போட்ட அடைப்பு, டெம்போ, பிரித்து எழுதியது, ஐந்து பெயர்கள், கார்த்தியைப் பற்றிச் சொன்னது, எல்லாம் சொன்னேன். இந்த முறை மேலே பார்க்கவில்லை. தலைவரின் மகன் கடைசி வரிசையில் இருந்தான். “செத்தவர் மேல பழி போடுறாங்க, திரும்ப வந்து பேசவா போறாரு,” என்று எழுந்தான். “தம்பி, உங்க அப்பா மீன் புடிச்சாரு. பேரத் தேர்ந்தெடுத்தது நான். பொய் சொன்னது நான்,” என்றேன். அவன் வெளியே போய்விட்டான். உன் ஆபரேஷனுக்குக் கார் ஓட்டியவரின் மகன் அவன். அவன் முகமும் எனக்குத் தீராத கடன்தான்.

ஐந்து பேரில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. பழனியாண்டி அண்ணன் வரவில்லை. ஒருவர் திருப்பூரில் மகளோடு இருக்கிறாராம். குப்பம்மாள் மட்டும் வந்திருந்தார். கூட்டம் சளசளவென்று பேசி ஓய்ந்த பிறகு, அந்த அம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். “எம்பேரை ஏம்மா போட்டீங்க?”

இதற்கு என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஏதோ கண்ணில் பட்டது, போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். “நீங்க கேக்க மாட்டீங்கன்னு போட்டேன்,” என்றேன்.

குப்பம்மாள் மெதுவாகத் தலையை ஆட்டினார். “ஆமா. கேக்கலதான்,” என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். ஏதோ இத்தனை வருஷம் தெரியாமல் இருந்த ஒன்று இப்போது தெரிந்துவிட்டது என்கிற மாதிரி இருந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் அன்றைக்கு இரண்டு வாய் சோறாவது சாப்பிட்டிருப்பேன்.

பழனியாண்டி அண்ணன் மேல் போட்ட தீர்மானத்தை ரத்து செய்து, பொய்ப் புகார் என்று எழுதியதை அடித்து, ஐந்து பேரின் பெயரிலும் நான் எழுதியது தவறு என்று புதிதாகத் தீர்மானம் போட்டார்கள். கவிதா அதை எழுதி முடித்து என்னிடம் நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். இனிமேல் நிறுவையின்போது மீன் கொண்டுவந்தவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், எழுதியதை உடனே உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். கலையும்போது யாரும் என்னோடு பேசவில்லை. பஸ் நிறுத்தம் வரை கூட வருகிற பெண்கள் அன்றைக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். அது சரிதான்.

உனக்கு இப்போது நான் யார் என்று குழப்பமாக இருக்கும். உன் அப்பா இல்லாமல் உன்னை வளர்த்தவளும் நான்தான். உன் நண்பனை உன் கையாலேயே அடிக்க வைத்தவளும் நான்தான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் குறைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அந்தப் புதன்கிழமை பத்திலிருந்து ஒரு மணி வரை கார்த்தி உன் பக்கத்தில்தான் இருந்தான். உன் ஞாபகத்தில் தப்பே இல்லை. அப்போதும் இல்லை. அதை உன்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வைத்துக்கொள்.

ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா என்று நான் வற்புறுத்தவில்லை. ஏர்போர்ட்டுக்கு நேராகப் போனாலும் போ. துறையூருக்குப் போவதாக இருந்தால் கார்த்தியின் கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அவன் கதவைச் சாத்தினாலும் சாத்துவான், அதைத் தாங்கிக்கொள். ஆனால் கோபம் வந்தால் என்னிடம் வா, செந்தில். என்ன சொல்ல வேண்டுமோ என் முகத்துக்கு நேராகச் சொல். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மேல் வந்திருக்க வேண்டிய அடியை வேறொரு பிள்ளை வாங்கிக்கொண்டான். இந்தத் தடவை நான் வீட்டில்தான் இருப்பேன்.

அம்மா